'வெளியூர் கேஸ்' என்று எழுதுவதை நிறுத்துங்கள்

மலேரியா கண்ட ஒருவருக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்பதை நம் சுகாதார நிர்வாகம் இன்றும் வாய்ப்பேச்சை வைத்தே தீர்மானிக்கிறது. "சமீபத்துல வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா?" போனேன் என்றால் வெளியூர் கேஸ். போகவில்லை என்றால் உள்ளூர் கேஸ். படிவத்தில் ஒரு டிக், அதோடு விசாரணை முடிந்தது. 2027க்குள் உள்ளூர் மலேரியாவைப் பூஜ்யமாக்குவோம், 2030க்குள் நாட்டை விட்டே ஒழிப்போம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பூஜ்யத்தை இந்த டிக்குகளைக் கூட்டித்தான் கணக்கிடப் போகிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

படிவத்தை நிரப்பும் சுகாதார ஆய்வாளரை நாம் குறை சொல்லவில்லை. காய்ச்சல் கண்ட வீட்டைத் தேடி வெயிலில் டூவீலரில் அலைபவர் அவர். அவர் கையில் கொடுக்கப்பட்டிருப்பது பேனாவும் கேள்வியும் மட்டுமே. நம் கண்டனம், அதற்கு மேல் எதையும் கொடுக்காமல் மாதாந்திர அறிக்கையை மட்டும் கேட்டு வாங்குகிறவர்களுக்கு.

பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரிலிருந்து பார்த்தால் இந்தப் பிழை நன்றாகத் தெரியும். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி இது. ஆனால் இந்த வெள்ளாமை வருஷம் முழுக்க எல்லோருக்கும் கூலி கொடுப்பதில்லை. கொத்து வேலைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் சென்னை போகிறவர்கள் உண்டு. கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் பெரம்பலூரில் இறங்கிவிடலாம். ஓர் ஆளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆள் கற்பனைதான்; அவர் போய்வரும் பாதையில் கற்பனை எதுவும் இல்லை. சென்னையில் கட்டிமுடியாத அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஆறு மாதம் படுத்து எழுந்தவர். பொங்கலுக்கு ஊர் வந்தவர் திரும்பிப் போகவில்லை. மாசியில் ஒரு மதியம் உடம்பு தூக்கிப்போடும் குளிர், பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் விவாக்ஸ் மலேரியா.

இங்கே அவர் 'சென்னை கேஸ்' ஆகிறார். சென்னையில் கேட்டால், "அந்த சைட்ல ஒடிசாக்காரங்க, பீகார்க்காரங்க நிறைய இருந்தாங்க, அவங்க கொண்டுவந்தது" என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. ஒடிசாவில் கேட்டால் அவன் ஊருக்கு வந்தே எட்டு மாதம் ஆயிற்று என்பார்கள். பழி ஊர் ஊராகக் கைமாறும். கட்டடத்தின் லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு தன்பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும்.

வாய் பொய் சொல்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. வாய்க்கே தெரியாத விஷயம் இது. விவாக்ஸ் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. கொசு கடித்ததும் கல்லீரலுக்குப் போகும் கிருமிகளில் ஒரு பகுதி அங்கேயே தூங்கிவிடும். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ, சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியோ விழித்து ரத்தத்துக்கு வரும். நம் ஆளுக்கு மாசியில் வந்த காய்ச்சல் சென்னையில் கார்த்திகையில் கடித்த கொசுவால் இருக்கலாம். போன வருஷம் வந்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதால் மீண்ட பழைய கிருமியாக இருக்கலாம். இங்கேயே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பிறந்த கொசு கொடுத்ததாகவும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு வேறு. முதலாவதற்குச் சென்னைக்குத் தகவல் போக வேண்டும். இரண்டாவதற்கு மாத்திரையை முழுக்க விழுங்கவைக்க வேண்டும். மூன்றாவதற்கு அன்று மாலையே தெருவில் இறங்கித் தொட்டி தொட்டியாகப் பார்க்க வேண்டும். ஒரு டிக் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வாய்க்குத் தெரியாததில் பெரும்பகுதி ரத்தத்துக்குத் தெரியும். மலேரியாவின் இன்னொரு வகையான பால்சிபாரம் கிருமியின் முழு மரபணு வரிசை 2002இலும், விவாக்ஸ் கிருமியுடையது 2008இலும் உலகத்தின் பார்வைக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் 14 குரோமோசோம்கள், ஐயாயிரத்துக்கு மேல் மரபணுக்கள். 2012இல் பல நாட்டு விவாக்ஸ் கிருமிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வில் இந்தியக் கிருமி ஒன்றும் இருந்தது. கிருமிக்குக் கிருமி எந்தெந்த இடத்தில் எழுத்து மாறுகிறது என்று தெரிந்த பிறகு, முழு வரிசையையும் வாசிக்க வேண்டியதில்லை. மாறும் இடங்களில் சில பத்தை மட்டும் வாசித்தால் போதும். அதுவே அந்தக் கிருமியின் கைரேகை.

அந்தக் கைரேகை ஒரு நகரத்தில் நோய் பரவும் விதத்தைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். மனித உடம்பில் கிருமி தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகுகிறது. ஆணும் பெண்ணும் கூடுவது கொசுவின் வயிற்றில். கொசு உறிஞ்சிய ரத்தத்தில் ஒரே வகைக் கிருமி இருந்தால், கூடிப் பிறப்பதும் அதே கைரேகையோடு பிறக்கும். இரண்டு மூன்று வகை கலந்திருந்தால், சீட்டைக் கலைத்துப் போட்டதுபோல் புதுப்புதுச் சேர்க்கைகள் பிறக்கும். நோய் அதிகமாகப் பரவும் இடத்தில் ஒரே ஆளின் உடம்பில் பல வகைக் கிருமிகள் குடியிருக்கும். நோய் அருகிய இடத்தில் ஒரே கைரேகை ஆள்விட்டு ஆள் தாவிக்கொண்டிருக்கும். ஒரு வார்டில் ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு மலேரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தின் கைரேகையும் ஒன்றாக இருக்குமானால் அந்தத் தெருக்களுக்குள்ளேயே சங்கிலி ஓடுகிறது. மூடாத கிணறோ மாடித் தொட்டியோ பக்கத்தில் இருக்கிறது. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் கதை வேறு. வெளியிலிருந்து வந்தவை கூடுதலாக இருக்கலாம், தூங்கிய பழையவை விழித்திருக்கலாம்.

இதற்கு வேண்டிய மூலப்பொருள் என்ன? விரல் நுனியில் ஒரு குத்து. முதல் துளியைப் பஞ்சில் துடைத்துவிட்டு, அடுத்து வருவதைக் கண்ணாடியில் தடிப்பாக ஒன்று, மெலிதாக ஒன்று என்று தடவுகிறார்கள். இது இப்போதே நடக்கிற வேலை. அதே விரலில் இன்னும் இரண்டு துளியை வடிதாளில் இறக்கினால் சில்லறைக் காசளவு வட்டம் விழும். நிழலில் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு மூட வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டாம். சாதாரணத் தபாலில் போகும், பல மாதம் தாங்கும். தடவிய கண்ணாடிக்குச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பதிவேட்டில் 'விவாக்ஸ்' என்று எழுதியதோடு அதன் வேலை முடிந்தது. கிருமி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய மிச்சக் கதையை யாரும் கேட்பதில்லை.

சென்னைக்கு மலேரியா புதிது அல்ல. நகர்ப்புற மலேரியாவுக்கென்று இந்தியா தனித் திட்டம் தொடங்கியது 1971இல். சென்னையில் நோயைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசு. சாக்கடையை இது நாடாது. கிணறு, மாடித் தொட்டி, சம்ப், கட்டடத்தில் க்யூரிங்குக்குத் தேக்கும் தண்ணீர் என்று நாம் குடிக்கவும் கட்டவும் வைத்திருக்கும் நல்ல தண்ணீர்தான் இதற்குத் தொட்டில். 2010இல் இந்தியாவின் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதியில், சென்னை, குஜராத்தின் நாடியாட், ஒடிசாவின் ரூர்கேலா ஆகிய மூன்று இடங்களைக் களமாக எடுத்து மலேரியாவை ஆராயத் தொடங்கின. மைக்ரோஸ்கோப்புக்குத் தப்பும் கிருமியை மரபணுச் சோதனை பிடிக்கும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்கு அன்றாட அனுபவம்.

ஆக, ஆட்கள் இருக்கிறார்கள், அறிவு இருக்கிறது, களமும் இருக்கிறது. இருந்தும் அரசின் அன்றாட மலேரியா வகைப்படுத்தல் இன்றும் விசாரணைப் படிவத்தில்தான் நிற்கிறது. நம் மக்கள் விரலைக் கொடுத்தார்கள், ரத்தத்தைக் கொடுத்தார்கள். அதிலிருந்து கிடைத்த அறிவு ஆய்விதழ்களில் கட்டுரையாக அச்சேறியது. வார்டு அலுவலகத்தின் சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒரு புள்ளியைக்கூட அது நகர்த்தவில்லை என்றால், அந்தக் கடனை யார் அடைப்பது? ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். நிர்வாகம், அது ஆராய்ச்சிக்காரர்கள் விஷயம் என்று இருந்துவிடுகிறது. இந்த இரண்டு மெத்தனங்களுக்கும் நடுவில்தான் கொசு வளர்கிறது.

பணம் இல்லை என்ற பதில் இந்த மாநிலத்தில் எடுபடாது. கொரோனா காலத்தில் வைரஸின் மரபணுவை வாசிக்கத் தமிழ்நாடு சொந்தமாகவே ஆய்வகம் அமைத்தது. 2021இல் தேனாம்பேட்டையில், சுமார் 4 கோடி ரூபாய் செலவில். எந்த மாவட்டத்தில் எந்த உருமாற்றம் என்று அப்போது டீக்கடை வரைக்கும் பேசினோம். அந்தக் கருவியை இயக்கத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. ஓசூரில் நோய் பரப்பும் உயிரினங்களுக்கென்று மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் மத்திய அரசின் கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பணக்காரர், ஏழை பார்க்காமல் எல்லோரையும் மிரட்டிய கிருமிக்கு ஓர் ஆய்வகம் உடனே முளைத்தது. சித்தாளையும் கொத்தனாரையும் காவலாளியையும் அதிகம் பிடிக்கிற கிருமிக்குக் கேள்வித்தாள் போதும் என்றால், அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, பாரபட்சம்.

நம்மைவிட எளிய நாடுகள் செய்துகாட்டிவிட்டன. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில், தியெஸ் என்ற நகரத்தில், கிருமியின் 24 இடங்களை மட்டும் வாசிக்கும் முறையை வைத்து ஆண்டுதோறும் வந்த நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட்டார்கள். கொசுவலையும் மருந்தும் கூடக் கூட, ஒரே கைரேகைக் கிருமிகள் பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டன. சில கைரேகைகள் வருஷம் தாண்டியும் தொடர்ந்தன. பரவல் சுருங்குகிறது என்பதை அதைக் கொண்டு அறிந்தார்கள். பின்னர் அது மறுபடி எழுந்ததையும் அதே முறைதான் காட்டிக்கொடுத்தது. கம்போடியாவில் மருந்துக்கு அடங்காத பால்சிபாரம் கிருமி ஒன்று தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று பரவியதையும் இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள்.

நம்முடைய பொறுப்பு இன்னொரு வகையிலும் கூடுதல். நம் ஊர்த் தொட்டியில் வளரும் ஸ்டீபென்சி கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. பிறகு எத்தியோப்பியாவிலும் தென்பட்டது. 2022இல் டிரே டாவா நகரத்தில் மழை இல்லாத காலத்திலேயே மலேரியா வெடித்ததற்கு இந்தக் கொசுவே காரணம் என்று ஆய்வு உறுதி செய்தது. 2016இன் கடைசியில் இலங்கையின் மன்னாரிலும் இது அகப்பட்டது. மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை உலகச் சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி மூன்று நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடல் கடந்து போகும் கொசுவும் விமானம் ஏறிப் போகும் கிருமியும் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன என்று அண்டை நாடு கேட்டால், "அந்த ஆள் வெளியூர் போனதாகச் சொன்னார்" என்ற பதிலையா அனுப்புவோம்?

மலேரியாதான் குறைந்துவிட்டதே, இப்போது இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். குறைந்தது உண்மை. நாட்டில் 2015இல் 11 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு மேல் பதிவான நோய், 2023இல் 2 லட்சத்து 27 ஆயிரத்துச் சொச்சமாக இறங்கியிருக்கிறது. அதற்கு உழைத்தவர்களை வணங்குகிறோம். ஆனால் இந்தக் கதையை நாம் ஒருமுறை படித்துத் தேறாமல் விட்டவர்கள். 1960களின் நடுவில் நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்த நோய், கவனம் சிதறியதும் 1976இல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது. இலங்கையில் 1963இல் 17 பேர்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். ஒரு மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருக்கும்போது ஒவ்வொருவரின் கிருமிக்கும் ஊர் தேடுவது ஆகாத காரியம். நூற்றுக்கணக்காகக் குறைந்த பிறகு அது ஆகும் காரியம், தவிர்க்கக் கூடாத காரியமும்கூட.

மரபணு முறையை மந்திரக்கோல் என்று நாம் சொல்லவில்லை. விவாக்ஸ் விஷயத்தில் அதற்கு எல்லை உண்டு. கல்லீரலில் தூங்கி விழிக்கும் கிருமி முதலில் வந்ததைப் போலவே இருக்க வேண்டும் என்பதில்லை; முன்பு வேறொரு கொசு விட்டுப்போனதாகவும் இருக்கலாம். நோய் குறைந்த ஊரிலும் விவாக்ஸ் கிருமிகளுக்குள் வகைகள் நிறைய இருக்கும். ஆகவே கைரேகையும் விசாரணையும் கைகோத்துப் போக வேண்டும். சுகாதார ஆய்வாளரின் கேள்வியை ஆய்வகம் நீக்காது, கூர்மையாக்கும். தவிர, கைரேகை எடுத்தால் கொசு சாகாது. தொட்டியை மூட வேண்டும், லிஃப்ட் குழியை வற்றவைக்க வேண்டும், கிணற்றுக்கு வலை போட வேண்டும். கொசு வளர்க்கும் கட்டட உரிமையாளரைத் தட்டிக்கேட்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே இடம் கொடுக்கிறது. எந்தத் தெருவில் முதலில் தட்ட வேண்டும் என்பதைத்தான் கைரேகை சொல்லும்.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். கிருமியின் கைரேகை கூலித் தொழிலாளியைத் துரத்தும் பிரம்பாக மாறிவிடக் கூடாது. 'வடக்கத்தியான் கொண்டுவந்த காய்ச்சல்' என்ற பேச்சு இப்போதே ஆதாரமில்லாமல் உலவுகிறது. சோதித்துப் பார்த்தால் பல நேரம் அந்தத் தொழிலாளிக்கே நோய் கொடுத்தது நம் நகரத்துக் கொசுதான் என்று தெரியவரலாம். எப்படி ஆனாலும், வாசிக்க வேண்டியது கிருமியின் மரபணுவை மட்டும். அதே துளியில் இருக்கும் மனிதரின் மரபணுவை யாரும் தொடக் கூடாது. பெயரும் முகவரியும் ஆய்வகத்துக்குப் போகக் கூடாது. முடிவு காவல் நிலையத்துக்கோ மேஸ்திரிக்கோ போகக் கூடாது. இதை எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு துளிகூட எடுக்கக் கூடாது.

எனவே நாம் கோருவது இவை. மலேரியா உறுதியான ஒவ்வொருவரிடமும், அவர் சம்மதத்தோடு, வடிதாளில் இரண்டு துளி ரத்தம் சேமிக்க மாநில அரசு ஆணையிட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் லேபும் இதற்கு விலக்கு ஆகாது. தேனாம்பேட்டை ஆய்வகத்திடம் மலேரியாக் கிருமியை வாசிக்கும் பொறுப்பை, ஆளோடும் பணத்தோடும், ஒப்படைக்க வேண்டும். முடிவு வருஷக் கடைசி அறிக்கையில் புதையாமல், சில வாரங்களுக்குள் அந்தந்த மாவட்ட மலேரியா அலுவலகத்துக்கும் மாநகராட்சி வார்டுக்கும் திரும்ப வேண்டும். சென்னையில் கண்ட கைரேகை பெரம்பலூரில் தென்பட்டால் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் தகவல் போக வேண்டும். நம் மண்ணில் ரத்தம் சேகரித்து ஆராய்ந்த ஒவ்வொரு நிறுவனமும், தான் கண்டதைத் தமிழில், மக்களுக்கு விளங்கும்படி, அந்த வார்டுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. படிவத்தில் உள்ளூர், வெளியூர் என்பவற்றோடு 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் யாருக்கும் மெமோ கொடுக்காதீர்கள். பூஜ்யம் காட்டும் அவசரத்தில் ஊகத்தை உண்மையாக எழுதவைப்பது, மருந்து இல்லாமல் ஊசி போடுவதற்குச் சமம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. குளிரோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், ரத்தம் சோதியுங்கள். விவாக்ஸ் என்று சொன்னால், கல்லீரலில் தூங்கும் கிருமிக்காக மருத்துவர் எழுதும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையை, காய்ச்சல் விட்டபிறகும், ஒரு நாள் விடாமல் முடியுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதைச் சாப்பிடக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து வருமுன் இன்னொன்றும் கேளுங்கள்: "என் கிருமி எந்த ஊர்னு எழுதியிருக்கீங்க? அது எப்படித் தெரிஞ்சது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு உண்டு.